வறண்ட ஆற்றை எப்படி ஆடுவது?

எதிர்வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். ஆடிப்பெருக்கு நிகழ்ச்சிக்குக் காவிரியைப் பற்றி நீயே ஒரு நடனம் அமைத்துக்கொண்டு வா என்று டான்ஸ் டீச்சர் சொல்லிவிட்டார். இதுவரை சொல்லிக் கொடுத்ததை ஆடியவள். சொந்தமாக அமைப்பது இதுதான் முதல் தடவை. யூடியூபில் நாலு வீடியோ பார்த்து, இரண்டு கையாலும் அலையலையாக ஒரு ஆற்றை ஓடவிட்டு என்னிடம் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறு எந்த ஊரில் வேண்டுமானாலும் ஓடலாம்.

"நிஜ ஆற்றைப் பார்த்துட்டு வரலாம், வா" என்று அம்மா மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். மே மாதம். படித்துறையை விட்டு இறங்கினால் மணல்தான். தூரத்தில் வாய்க்கால் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர்.

"பாட்டி, இதை எப்படி ஆடறது?"

எனக்குச் சந்திரலேகா ஞாபகம் வந்தார். 1928-ல் மகாராஷ்டிரத்தில் பிறந்து, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுச் சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952-ல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. 'மதுரா நகரிலோ' பாட்டுக்கு யமுனையையும், தோழிகள் நீரில் விளையாடுவதையும் அபிநயம் பிடிக்கிறார். அப்போது பத்திரிகையில் பார்த்த படங்கள் நினைவுக்கு வருகின்றன. வெடித்த நிலம், கையில் தகர டப்பாவோடு தண்ணீருக்காக வளைந்து வளைந்து நிற்கும் வரிசை. குரு பாடிக்கொண்டிருக்க, அந்தக் கணம் தான் உறைந்துபோனதாகப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த உறுத்தலுக்குப் பதில் கண்டுபிடிக்க அவருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. நடுவில் பல வருஷம் மேடையை விட்டே விலகியிருந்தார். 1985-ல் 'அங்கிகா' வந்தபோது அதில் பரதத்தோடு களரியும் யோகமும் சேர்ந்திருந்தன. புராணக் கதையை விட்டு, மனித உடம்பையே விஷயமாக எடுத்துக்கொண்டார். பிறகு பாஸ்கராச்சாரியாரின் 'லீலாவதி'யை எடுத்துக் கணக்குகளுக்குக்கூட நடனம் அமைத்தார். (இதைச் சொன்னதும் எதிர்வீட்டுப் பெண் முகத்தைச் சுளித்தாள். கணக்கில் அவள் கொஞ்சம் சுமார்.)

சந்திரலேகாவைத் தேடிச் சென்னைக்குப் போக முடியாது, 2006-லேயே காலமாகிவிட்டார். ஆனால் ஸ்ரீரங்கத்தில் நமக்கு வேறொரு பாடம் இருக்கிறது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்தில் அரையர் சேவை பார்த்திருப்பீர்கள். தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம், அவ்வளவுதான். சலங்கை, மிருதங்கம் எதுவும் கிடையாது. பாசுரத்தைப் பாடுவார், அதற்கே அபிநயம் காட்டுவார், அப்புறம் வியாக்கியானம் சொல்வார். அவசரமே இருக்காது. ஒரு விஷயத்திலேயே நின்று அதைத் தோண்டுகிற அந்தப் பொறுமை, நாலு நிமிஷத்தில் நாற்பது முத்திரை காட்டும் நம் பிள்ளைகளுக்கு அவசியம் வேண்டும் என்பது என் கட்சி.

இதையெல்லாம் நான் பேசிக்கொண்டிருக்க, அவள் ஒரு கை மணலை அள்ளினாள். விரலிடுக்கில் அது ஒழுகியது. மறுபடி அள்ளினாள். ஐந்தாறு தடவை ஆனதும், மணல் இல்லாமலே கை அதைச் செய்தது. தண்ணீரா மணலா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் அவள் அம்மாவுக்குச் சம்மதமில்லை. "நல்ல நாளும் அதுவுமா காஞ்ச ஆறா?" என்றாள். அவள் கவலையையும் தள்ளிவிட முடியாது. ஆடியில் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரிக்குச் சீர் கொடுக்கிற ஊர் இது. ஆனால் ஆடிப்பெருக்கு அன்று ஆற்றில் தண்ணீரில்லாமல் போர்வெல் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த வருஷங்களையும் நாம் பார்த்திருக்கிறோமே!

இப்போதைக்கு நடனம் மணலில் ஆரம்பிக்கிறது. முடிவு இன்னும் அமையவில்லை. வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள். இந்த வருஷம் எப்போது என்று தினமும் பேப்பரைப் புரட்டுகிறாள். அது தெரிந்தால்தான் கடைசி ஜதியை முடிவு செய்வாளாம்.