சங்கிலியை உரிக்கும் விசை

விளக்குக்கரியை நீரில் கலந்தால் திரண்டு அடியில் படியும். வேலம்பிசின் சேர்த்தால் மையாகி நிற்கும். பிசினின் நீண்ட பாலிமர்ச் சங்கிலிகள் கரித்துகளில் ஒட்டிக்கொண்டு, துகள்கள் நெருங்காதவாறு காப்பதே காரணம்.

இத்தகைய ஒட்டுதலை, 1986-இல் தோன்றிய அணுவிசை நுண்ணோக்கியைக் கொண்டு ஒற்றைச் சங்கிலியளவிலேயே இன்று அளக்க இயலும். வளையும் நுண்தகட்டின் ஊசிமுனையில் சங்கிலியைப் பிணைத்து, பரப்பில் படியவிட்டு, மெல்ல இழுப்பர். விசை பெரும்பாலும் சில பத்து முதல் சில நூறு பிக்கோநியூட்டன் வரை இருக்கும். ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் இலட்சங்கோடியில் ஒரு பங்கு!

இவ்விசையை ஒரே எண்ணாக வெளியிடும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று. பரப்பின்மீது தடையின்றி வழுக்கும் சங்கிலி உரியும்போது விசை ஏறக்குறைய மாறாது நிற்கும். இழுக்கும் வேகம் அதனை அதிகம் பாதிப்பதில்லை. இடையிடையே இறுகப் பற்றிய சங்கிலியிலோ விசை ஏறி, பற்று அறுந்ததும் சரேலென வீழும். விரைந்து இழுத்தால் அவ்வுச்சமும் உயரும். 1997-இல் ஈவன்ஸும் ரிட்சியும் வகுத்த கோட்பாடு இதனை விளக்கிற்று. தகட்டின் விறைப்பை அளப்பதிலேயே நூற்றுக்குப் பத்துப் பங்கு பிழை எளிதில் புகுந்துவிடுகிறது. வேகம், வரைகோடு, விறைப்பைக் கண்ட முறை ஆகிய மூன்றும் உடன் வாராவிடில், கணிப்பொறியில் மாதிரி அமைப்போருக்கு அவ்வெண் பயன்படாது.