தளை கைபேசியில் இல்லை!

ஓய்வூதியத்தை நம்பி வாழும் சிற்றூர் முதியவர் ஒருவர். அவர் கைபேசிக் காணொலியில் காவலர் உடையில் ஒருவன் தோன்றுகின்றான். இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதட்டுகின்றான். "உன்மேல் வழக்குள்ளது, உன்னைத் தளைப்படுத்திவிட்டோம், அறையைவிட்டு அசையாதே, பணத்தை அனுப்பு" என்கின்றான். நாளிதழ்கள் 'டிஜிட்டல் கைது' என்றெழுதும் கயமை இதுவே. முதியவர் நடுங்குகின்றார். வாழ்நாள் ஈட்டமெல்லாம் ஒரு நொடியில் பறிபோகின்றது.

அவரை அறியாதவர் என்று பழிப்பது எளிது. அவ்வறியாமையை வளர்த்தவர் எவர்? புரியாத மொழியில் வருவதே அரசாணை. புரியாததே சட்டம் என்று தலைமுறை தலைமுறையாக நம்மைப் பழக்கியவர் எவர்? அந்த அச்சமன்றோ கயவனுக்கு முதலீடு!

சென்னை உயர்நயன்மன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006இல் நம் சட்டமன்றம் முடிவு செய்தது. 2012இல் உச்ச நயன்மன்றம் அதனை ஏற்க மறுத்தது. இராசத்தானம், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர்நயன்மன்றங்களிலோ இந்திக்கு இடமுண்டு! 1-7-2024 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டங்கள் மூன்றுக்கும் பெயர்கள்கூட வடமொழியே. பெயரையே பலுக்கவியலாத சட்டத்தின் உள்ளீட்டை உழவன் எங்ஙனம் அறிவான்?

அச்சட்டம் கூறுவதைத் தமிழில் கேண்மின்! தளைப்படுத்தும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருத்தல் வேண்டும். குற்றம் இன்னதென்று கூறல் வேண்டும். உறவினர்க்கோ நண்பர்க்கோ தெரிவித்தல் வேண்டும். வழிச்செலவு நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் நடுவர்முன் நிறுத்தல் வேண்டும். காணொலியில் தளைப்படுத்தும் முறை எந்தச் சட்டத்திலும் இல்லை, இல்லவே இல்லை!

பணம் பறிபோயின் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். பிடிப்புக்குரிய குற்றமாயின், அது நிகழ்ந்த இடம் எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம். மின்வழியும் முறையிடலாம், ஆயின் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிடல் வேண்டும். பதிவின் படியைக் கட்டணமின்றித் தருவது காவலர் கடமை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டப்படி பெண்டிர், சிறுவர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், காவலில் உள்ளோர், வருவாய் குறைந்தோர் ஆகியோர்க்கு வழக்கறிஞர் உதவி கட்டணமின்றிக் கிடைக்கும். அதற்கு எண் 15100.

இவற்றை அறிய எட்டு வரித் தமிழ் போதும். அந்த எட்டு வரியும் ஊருக்கு வந்து சேரவில்லை என்பதே நம் இழிவு!

தமிழன்பர்களே! மொழிப்பற்று மேடை முழக்கத்தோடு முடிவதன்று. இவ்விதழைப் படித்ததும் இச்செய்திகளைத் துண்டறிக்கையாக எழுதுங்கள். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் ஊரவைக் கூட்டத்திலும் உரக்கப் படியுங்கள். எழுத்தறியாத பாட்டியும் மனப்பாடமாகச் சொல்லும்வரை சொல்லுங்கள். உயர்நயன்மன்றத்தில் தமிழ் ஏறும் நாள்வரை நம் உரிமைப் போர் ஓயாது. அதுவரை நம் ஊர்த் திண்ணையில் சட்டம் தமிழில் பேசுவதைத் தடுப்பார் எவருமிலர்!

தளை கைபேசியில் இல்லை. நம் அச்சத்தில் உள்ளது. அதனை அறுக்கும் வாள் தமிழே!