மூன்று பெட்டி, ஒரு தபால்

சென்ற தை மாதம் செவ்வாய்ப் பொங்கலுக்காக நாட்டரசன்கோட்டைக்குப் போயிருந்தேன். தைப் பொங்கல் கழிந்து வரும் செவ்வாய்க்கிழமையன்று கண்ணாத்தாள் கோயில் முன்னால் ஊர் நகரத்தார் புள்ளிகள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்லி முடியாது. சென்னை, கோவை, சிங்கப்பூர், மலேசியா என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் வந்து சேருகிற நாள். வருஷம் முழுவதும் பூட்டிக் கிடக்கிற வீடுகளில்கூட அன்றைக்கு விளக்கு எரியும்.

எங்கள் வீட்டிலும் எரிந்தது. ஆனால் விளக்கைவிட அதிகமாக எரிந்தது அப்பச்சியின் வயிறுதான்!

காரணம் ஒரு கடிதம். எங்கள் பிறந்த வீடு நாலு பங்காளிகளுக்குப் பொதுவானது. வளவைச் சுற்றி ஆளுக்கு ஓர் அறை, இரண்டு அறை. முகப்பும் பட்டாலையும் எல்லோருக்கும். இரண்டாங்கட்டு ஓடு சரிந்து மழைக்கு ஒழுக ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. பிரித்து மேய வேண்டுமானால் நாலு பங்கும் ஒப்ப வேண்டும். பினாங்கில் இருக்கும் பெரியப்பச்சி ஒருவர்தான் பிடி கொடுக்காமல் இருந்தார். அவரும் ஐப்பசியில் மனம் இரங்கி, "செய்யுங்கள், என் பங்கை அனுப்புகிறேன்" என்று ஈமெயில் எழுதிவிட்டார். அப்பச்சி படித்தார், ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டினார், அதோடு சரி. கார்த்திகையில் இடியும் மின்னலுமாக ஒரு மழை. மறுநாள் காலை முகப்பிலிருந்த கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. மார்கழியில் பெரியப்பச்சிக்குப் பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. தையில் எல்லோரும் கூடியிருக்கும்போது இன்னொரு பங்காளி கேட்கிறார்: "பெரியண்ணன் ஒப்பினார் என்கிறீர்களே, எங்கே அந்தக் கடிதம்? காட்டுங்கள்."

எங்கள் குடும்பத்துக்கு மின்னஞ்சல் முகவரி ஒன்றுதான். அதைத் திறக்கும் யந்திரங்கள் மூன்று: அப்பச்சியின் மேசைக் கம்ப்யூட்டர், சென்னையில் அண்ணனின் லாப்டாப், ஆத்தாள் கையிலிருக்கும் தட்டைக் கம்ப்யூட்டர். அண்ணன் லாப்டாப்பைத் திறந்து பார்த்தார். ஐப்பசிக் கடிதத்தின் சுவடே இல்லை. ஆத்தாளுடையதிலும் இல்லை.

"வந்த கடிதம் எங்கேடா போகும்?" என்று அப்பச்சி கத்தினார்.

அண்ணன் மகன் எஞ்சினீரிங் படிக்கிறவன். அமைப்புகளை எல்லாம் துழாவிவிட்டு, "அயித்தை, ஐயாவோட கம்ப்யூட்டர் பாப்பில இருந்திருக்கு. அதான்" என்றான். எனக்குப் புரியவில்லை. ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டிலும் இரண்டு மூன்று யந்திரம் இருக்குமே, ஆகையால் சொல்கிறேன்.

மின்னஞ்சல் நேரே நம் கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. சர்வர் என்கிற தூரத்துத் தபாலாபீசுக்கு வந்து காத்திருக்கிறது. அங்கிருந்து அதை வாங்கிக்கொள்ள இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலாவது, பாப். 1984-ல் பிறந்து, 1988-ல் பாப்-3 என்று திருத்தம் பெற்றது. தபாலாபீசுக்கு ஆள் போய், வந்த கடிதங்களை அள்ளிக்கொண்டு வந்து தன் பெட்டியில் வைத்துக்கொள்வது போல இது. வேறு விதமாகச் சொல்லி வைக்காவிட்டால், அள்ளின பிறகு தபாலாபீசில் ஒன்றும் மிச்சமிராது. யார் முதலில் போகிறாரோ அவருக்கே கடிதம். அப்பச்சி விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்கிறவர். ஆகவே எல்லாக் கடிதமும் அவருக்கே போயிற்று. "எனக்கு ஏன் எதுவுமே வருவதில்லை?" என்று அண்ணன் அவ்வப்போது அலுத்துக்கொண்டதன் ரகசியமும் அப்போதுதான் விளங்கியது.

இதைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15-ம் தேதி. டெலிபோன் வழியாகக் கூப்பிட்டு, இணைப்பு நிற்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு கணக்குப் பார்த்த காலம். சட்டென்று அள்ளிக்கொண்டு இணைப்பைத் துண்டித்தால்தான் கட்டுப்படியாகும். தவிர, தபாலாபீசில் இடமும் இல்லை. ஹாட்மெயில் ஒரு காலத்தில் தந்தது 2 எம்.பி. இடம், இன்றைக்கு நாம் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அது போதாது! 2004 ஏப்ரல் முதல் தேதி கூகுள் 1 ஜி.பி. தருவதாகச் சொன்னபோது, முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்றே பலர் நினைத்தார்கள்.

இரண்டாவது ஏற்பாட்டின் பெயர் ஐமேப். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் மார்க் கிரிஸ்பின் என்பவர் 1986-ல் ஆரம்பித்தது. இதில் கடிதம் தபாலாபீசிலேயே இருக்கும். நம் யந்திரங்கள் வெறும் ஜன்னல்கள். எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் ஒரே அறை. எது படித்தாயிற்று, எதற்குப் பதில் போயிற்று, எது எந்த அடுக்கில் இருக்கிறது என்ற அடையாளங்களும் அங்கேயே இருக்கும். ஒரு கடிதத்தை அண்ணன் சென்னையில் படித்துவிட்டால் ஊரில் ஆத்தாளுடைய யந்திரத்திலும் 'படித்தது' என்று காட்டிவிடும்.

இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பச்சி சிரித்தார். "இது என்ன பெரிய அதிசயம்? நம்ம ஐயா காலத்திலே நடந்ததுதானே!" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது வாஸ்தவம். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய குடும்பங்களுக்குக் கடை அங்கே, முதலாளி இங்கே. கடையைப் பார்த்துக்கொள்கிற மேலாள் மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பலேறுவார். அங்கே பேரேடு எழுதுவார். தவறாமல் ஊருக்குக் கடிதமும் கணக்கும் எழுதி அனுப்புவார். 'ரஜூலா' கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், கடல் தாண்டி இரண்டு ஊர்க் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டியிருந்தது. ஒத்துப் போகாவிட்டால் ஐந்தொகை நிற்காது. எங்கள் ஐயா 1942-ல், ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த சமயத்தில், கால்நடையாகவே இந்தியா வந்து சேர்ந்தவர். பேரேடுகள் அங்கேயே போயின. யார் எவ்வளவு தர வேண்டும் என்பது மட்டும் இங்கே இரும்புப் பெட்டியில் இருந்த நகலில் அப்படியே இருந்தது. பணம் என்னவோ வரவில்லை. அது வேறு கதை.

நிற்க. பெரியப்பச்சியின் கடிதத்துக்கு வருவோம். வந்த இடத்தில் போய்விட்டாலும் புறப்பட்ட இடத்தில் இருக்குமல்லவா? பினாங்குக்குப் போன் செய்தோம். அங்கே அவர் மகன் தகப்பனார் கணக்கைத் திறந்து, 'அனுப்பியவை' என்ற அடுக்கில் தேடினான். அவருடையது ஐமேப், ஆகவே கடிதம் பத்திரமாக இருந்தது. பத்தே நிமிஷத்தில் மறுபடி வந்து சேர்ந்தது. கேட்ட பங்காளியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மாசியில் ஓட்டைப் பிரித்தார்கள்.

ஆனால் அந்தக் கம்ப்யூட்டரோடு போன மற்றக் கடிதங்கள்? அதன் தட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் காட்டியதில், ஒன்றும் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். என் கல்யாணத்தின்போது அப்பச்சிக்கு வந்த வாழ்த்துகள் எல்லாம் அதில்தான் இருந்தன.

உங்கள் வீட்டில் எந்த ஏற்பாடு என்று பார்ப்பது கஷ்டமில்லை. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்றவற்றில் கணக்கின் அமைப்பைத் திறந்தால் பெயரே எழுதியிருக்கும். எண் மட்டும் கண்ணில் பட்டால், 995 அல்லது 110 என்றிருப்பது பாப். 993 அல்லது 143 என்றிருப்பது ஐமேப். பாப் என்று தெரிந்தவுடன் அவசரப்பட்டு அந்தக் கணக்கை அழித்துவிடாதீர்கள். அழித்தால் பழைய கடிதங்களும் அதோடு போய்விடக்கூடும். அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்திலேயே அதே முகவரியை ஐமேப்பாக இன்னொரு தரம் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அடுக்கிலுள்ள கடிதங்களைப் புதிய அடுக்குக்கு இழுத்துவிடுங்கள். அவை மேலே சர்வருக்கு ஏறும். ஆயிரக்கணக்கில் இருந்தால் ஒரு ராத்திரி முழுவதும்கூட ஆகலாம். எல்லாம் மற்ற யந்திரங்களிலும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே பழையதை எடுக்க வேண்டும். அனுப்பிய கடிதம் சர்வரில் சேருகிறதா, அந்த யந்திரத்திலேயே தங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். பலபேர் கோட்டை விடுகிற இடம் அது. முகவரிப் புத்தகம் ஐமேப்பில் வராது. அதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படி எல்லாவற்றையும் சீராக்கிவிட்டு அப்பாடா என்று சென்னைக்குத் திரும்பினேன். பங்குனியில் ஆத்தாளிடமிருந்து போன். "ஏண்டி, பெரியப்பச்சி கடிதாசியெல்லாம் இதிலே காணோமே?"

மறுபடியுமா!

விசாரித்ததில், குற்றவாளி நம் எஞ்சினீர்தான். தன் லாப்டாப்பில் அந்தக் கணக்கைச் சேர்த்துக்கொண்டவன், இடம் போதவில்லை என்று, பழைய கடிதங்களைத் 'தன் யந்திரத்திலிருந்து மட்டும்' அழித்திருக்கிறான். ஜன்னல்கள் வேறானாலும் அறை ஒன்றுதானே! நாலு வீட்டிலும் ஒரே நொடியில் போயின. எல்லாம் ஒன்றாக இருக்கிற சௌகரியத்துக்குள்ளேயே இந்த ஆபத்தும் இருக்கிறது. ஓர் இடத்தில் எழுதினால் எல்லா இடத்திலும் எழுதும். ஓர் இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிக்கும். முன்பு மின்னல் ஒரு கம்ப்யூட்டரைத்தான் சாப்பிட்டது. இவன் ஒரு விரலால் நாலையும் காலி செய்தான்.

நல்ல வேளை, எங்கள் கணக்கு ஜிமெயில். அதன் குப்பைக் கூடையில் 30 நாள் கிடக்கும். நாங்கள் பார்த்தது ஒன்பதாம் நாள். ஆத்தாள் தினம் ராத்திரி பழைய கடிதம் ஒன்றைப் படித்துவிட்டுப் படுக்கிற வழக்கம் இல்லையென்றால் ஒரு மாதம் ஓடியிருக்கும், யாருக்கும் தெரிந்திராது.

சித்திரையில் ஊருக்குப் போனபோது, எதனோடும் ஒட்டாத ஒரு தனி நகல் எடுத்தேன். தண்டர்பேர்டில் 'உள்ளூர் அடுக்குகள்' என்று ஒன்று இருக்கிறது. அதில் எல்லாக் கடிதங்களையும் நகல் செய்து—நகர்த்தி அல்ல, நகல் செய்து—அந்த நகலை ஒரு பென் டிரைவிலும் ஏற்றினேன். விரலளவு சாமான். அப்பச்சி அதை ஒரு காகிதத்தில் மடித்து, தேதி எழுதி, ஐயாவின் ரங்கூன் கணக்குக் கட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஆத்தாள் எட்டிப் பார்த்தாள். "இதிலே கறையான் ஏறாதே?"

"ஏறாது ஆத்தா. ஆனால் சும்மாவே கிடந்தால் இதுவும் ஒரு நாள் கெட்டுப் போகும். ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்து வேறொன்றிலே ஏற்றணும்."

"அப்போ செவ்வாய்ப் பொங்கலுக்கு வருகிறபோது எடுத்துப் பார்" என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.