கம்பிக்குக் கீழே ஆவாரை

உண்ணிச்செடியை ஆடு தின்னுமா? ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு ஓட்டிவரும் தோழரைக் கேளுங்கள், தலையை ஆட்டுவார். கால்நடைக்கு அது நஞ்சு! வெள்ளைக்காரன் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த செடி. வெயில் கண்டால் வெறிகொண்டு வளரும். மின்கம்பிக்காகக் காட்டை மொட்டையடித்த இடத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

மின்சாரம் வேண்டாமென்போமா? மாட்டோம். குடிசைக்கு விளக்கு வேண்டும், தொழிற்சாலைக்கு விசை வேண்டும். 220 கிலோவோல்ட் கம்பிக்கு 35 மீட்டர் அகலப் பாதை. கம்பிக்கும் மரத்துக்கும் 4.6 மீட்டர் இடைவெளி. சரி, மரத்தைக் கழிக்கட்டும். இடுப்பளவுச் செடி என்ன குற்றம் செய்தது? கம்பி இழுத்தபின் இயற்கையாகத் தழைப்பதைத் தழைக்க விடு என்றுதானே மத்திய அரசின் 2014 நெறிமுறையும் சொல்கிறது!

ஆவாரை தழைக்கட்டுமே! தோல் தொழிலாளிக்கு அதை நாம் அறிமுகம் செய்வதா? வாட்டில் பட்டையும் குரோமும் வருமுன், இந்த வட்டாரத் தொட்டிகளில் பச்சைத்தோலைப் பதமாக்கியது ஆவாரம்பட்டைதானே! கம்பியை எட்டும் உயரம் அதற்கில்லை. வண்டுக்குப் பூ உண்டு.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1953 முதல் கம்பிப்பாதையில் ஆய்வு நடக்கிறது. உயரும் மரங்களை மட்டும் களைந்து புதர்களை விட்டார்கள். அடர்ந்த புதர் புதிய மரக்கன்றைத் தலையெடுக்க விடவில்லை. ஆண்டுதோறும் வெட்டும் செலவும் குறையுமன்றோ?

அயல் களைகளை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்தது. நல்லது. கம்பிப்பாதைகளையும் அதில் சேர்க்கட்டும். உண்ணியை வேரோடு பறிக்கவும் ஆவாரை விதைக்கவும், ஜவ்வாது மலையடிவார மக்களுக்கே, நியாயமான கூலியுடன் அந்த வேலையைத் தரட்டும், அடுத்த பருவமழைக்கு முன்பே!