பொய் வழக்கு என்று நான் எழுதிய ஆறு வரி

செய்தியாளனாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். கையில் நான்காக மடித்த செய்தித்தாள். ‘வன்கொடுமைப் புகார் பொய் வழக்கு என முடித்துவைப்பு’ என்று நான் எழுதிய ஆறு வரிச் செய்தி அதில் இருந்தது. போலீஸ் கொடுத்த ஆர்.சி.எஸ். நோட்டீஸையும் கூடவே கொண்டுவந்திருந்தார்.

“தம்பி, இதுல எங்கயாவது பொய்யின்னு போட்டிருக்கான்னு படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். எங்கும் இல்லை.

“போலீசே எழுதல. நீங்க ஏன் எழுதுனீங்க?”

நோட்டீஸில் இருந்த சொல் ‘பொருண்மைப் பிழை’. காவல் நிலையப் பேச்சில் எம்.எஃப்., அதாவது மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட். விசாரணையை முடித்து அனுப்பும் அறிக்கையில் புகார் பொய் என்பது ஒரு வகை. பொருண்மைப் பிழை என்பது வேறு வகை. உண்மைதான், ஆனால் போதிய சாட்சியம் இல்லை என்பது இன்னொரு வகை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையிலும் இவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. நிலைய ஏட்டு, “அது பொய் கேசு சார், முடிச்சாச்சு” என்றார். நான் எழுதிக்கொண்டேன். என் ஒரே ஆதாரம் அதுதான்.

‘முடித்துவைப்பு’ என்பதும் தவறு. போலீஸ் அறிக்கை அனுப்பிவிட்டால் வழக்கு முடிந்துவிடாது. அதை ஏற்பதா, மேலும் விசாரிக்கச் சொல்வதா, அல்லது வழக்கை விசாரணைக்கு எடுப்பதா என்று நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் புகார்தாரருக்குத் தகவல் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அவர் ஆட்சேப மனு போடலாம். அந்த அம்மா அன்று நீதிமன்றத்துக்கு வந்ததே அந்த மனுவுக்காகத்தான். அதற்குள் என் செய்தியை வெட்டி ஊர் டீக்கடையில் ஒட்டியிருந்தார்கள். யார் ஒட்டியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றச் செய்தியாளருக்கு அறம் என்ன என்று கேட்டால் நடுநிலை என்பார்கள். என்னைக் கேட்டால் முதல் அறம் சொல். எந்தச் சொல் ஆவணத்தில் இருக்கிறதோ அதை எழுதுவது. அதன் பொருள் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்கும் வரை எழுதாமல் இருப்பது. சாதி நம் தலைக்குள் ஏற்கெனவே ஒரு அகராதியைப் போட்டு வைத்திருக்கிறது. சரியான சொல் தெரியாத இடத்தில் அந்த அகராதியிலிருந்துதான் சொல் வந்து விழும். எனக்கும் அப்படித்தான் வந்து விழுந்தது. நானும் காலனிப் பையன்தான் என்பதால் அது வராமல் இருந்துவிடவில்லை.

‘விடுதலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் உடுமலை சங்கர் கொலை வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுதலை செய்தது. ஐந்து பேரின் தூக்கை 25 ஆண்டு குறையாத சிறையாக மாற்றியது. இதில் விடுதலை என்றால் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொல்கிறது என்று பொருள். நமக்கு அந்தத் தீர்ப்பு கசக்கிறது. கசந்தாலும் செய்தியில் அதை அப்படியேதான் எழுத வேண்டும். மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதையும் சேர்த்து எழுத வேண்டும்.

2019 நவம்பரில் மேலவளவு வழக்கில் 13 பேர் வெளியே வந்தார்கள். 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றவர்கள். அவர்களை எந்த நீதிமன்றமும் நிரபராதிகள் என்று சொல்லவில்லை. அரசு முன்கூட்டியே விட்டது. அதற்குப் பெயர் முன்விடுதலை. இரண்டு செய்திக்கும் ‘விடுதலை’ என்று ஒரே தலைப்பு வைத்தால், மேலவளவைப் பாடப்புத்தகத்தில்கூடப் பார்த்திராத இருபது வயதுத் தோழர் என்ன புரிந்துகொள்வார்? ஜாமீனில் வந்தவரையும் ‘விடுதலை’ என்று எழுதுகிற பத்திரிகைகள் இருக்கின்றன. மாலை போட்டு வரவேற்கக் காத்திருப்பவர்களுக்கு அது போதும்.

இன்னொரு சொல் ‘பி.சி.ஆர். வழக்கு’. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்த சட்டம். இன்று பதிவாகும் வழக்குகள் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி பதிவாகின்றன. ஆனாலும் ‘பி.சி.ஆர். போட்டுட்டான்’ என்ற ஏளனம் ஊர் வாயிலிருந்து காவல் நிலையத்துக்கும் அங்கிருந்து செய்திக்கும் வந்துவிட்டது. ‘வன்கொடுமை’ என்று எழுதினால் யாரோ யாருக்கோ கொடுமை செய்தது தெரியும். மூன்று இங்கிலீஷ் எழுத்தில் அது தெரியாது.

பிறழ்சாட்சி. இந்தச் சொல்லைக் கேட்டதும் வழக்கு செத்தது என்று செய்தியாளர்களே முடிவுகட்டிவிடுகிறோம். கோகுல்ராஜ் வழக்கில் முக்கிய சாட்சி பிறழ்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் திருச்செங்கோடு கோயில் கேமரா பிறழவில்லை. வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பிறழ்ந்த சாட்சியின் வாக்குமூலம்கூட முழுக்கக் குப்பைக்குப் போவதில்லை. நம்பத்தகுந்த பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். ‘சாட்சி பல்டி’ என்று தலைப்பு வைப்பவர்கள், அந்தச் சாட்சி யாருடைய ஊரில், யாருடைய நிலத்துக்கு நடுவில் குடியிருக்கிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்களா?

ஜாமீன் செய்தி எழுதும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் கொடுக்கப்பட்டதா? அவர் தரப்பு கேட்கப்பட்டதா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவு இதை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது. அது கட்டாயம் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அரசு வழக்கறிஞரிடம் நிமிடத்தில் கேட்டுவிடலாம்.

இனி நம் பக்கம். தீர்ப்புக்கு முன்பே ‘குற்றவாளி’ என்று எழுதுவது நம் தோழர்களிடமும் இருக்கிறது. கோபம் புரிகிறது. ஆனால் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதுவதால் நம் நியாயம் ஒரு இம்மியும் குறையாது. திருட்டுப் பழி சுமத்தி லாக்கப்பில் அடிக்கப்படுகிற நம் பிள்ளைகளையும் அந்தச் சொல்தானே காப்பாற்ற வேண்டும்?

அடுத்தது பெயர். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை. பழைய சட்டத்தில் 228ஏ, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 72ஆம் பிரிவு. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயர் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் அது அச்சானது. அதைக் கண்டித்துப் பேசிய நாம்தான், ஹாத்ரஸ் பெண்ணின் பெயரை 2020இல் ஹேஷ்டேக் ஆக்கினோம். பெயரை மட்டும் விட்டுவிட்டு ஊர், தெரு, அப்பா செய்யும் வேலை, படிக்கும் வகுப்பு எல்லாம் எழுதுவதும் பெயரை எழுதுவதுதான். நாற்பது வீடு உள்ள காலனியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பெண் எத்தனை பேர் இருப்பார்கள்?

என் செய்திக்குத் திருத்தம் போடச் சொல்லி ஆசிரியர் குழுவிடம் கேட்டேன். “போலீஸ் சொன்னதைத்தானே போட்டோம்” என்றார்கள். பதினொரு நாள் கழித்து ஒன்பதாம் பக்கத்தில், சினிமா விளம்பரத்துக்குக் கீழே மூன்று வரி வந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் ஊருக்கே போனேன். வாங்கிப் பார்த்தார். “இவ்வளவு சின்னதாவா?” என்றார். டீக்கடையில் பழைய செய்தி இன்னும் ஒட்டியிருந்தது. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இதை ஒட்டிவிட்டு வந்தேன். எத்தனை நாள் இருந்ததோ தெரியாது.