நெடும்பதமும் அழுத்தமும்

ஆங்கிலத்தின் மிக நீண்ட பதங்களுள் ஒன்றெனப் பிரசித்தி பெற்ற 'ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்' என்னும் 28 எழுத்துச் சொல்லை நம் வித்தியார்த்திகள் பொருளறியாது நெட்டுருச் செய்வது மிகவும் வருந்தத்தக்கது. நிலைநாட்டுதலைக் குறிக்கும் 'எஸ்டாப்ளிஷ்' என்ற பகுதிக்கு முன்னே, நீக்கத்தை உணர்த்தும் 'டிஸ்', எதிர்ப்பை உணர்த்தும் 'ஆன்டி' ஆகிய இரண்டும் சேர, பின்னே 'மென்ட்', 'ஏரியன்', 'இசம்' என விகுதிகள் அடுக்கிவர, இங்கிலாந்துத் திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள பந்தத்தை அறுக்கலாகாது என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொள்கை முழுவதும் ஒரே பதத்துள் அடங்கிவிடுகிறது. பகுதி தனித்து நிற்கையில் 'டாப்' என்னும் அசையில் விழும் பிரதான அழுத்தம், 'ஏரியன்' வந்து சேர்ந்ததும், 'மென்ட்' என்பதன் ஈற்றொற்று அதனோடு கூடிப் பிறந்த 'டேர்' என்னும் அசைக்குப் பெயர்ந்துவிடுகிறது. ஆகவே உறுப்புப் பிரிவும் அசைப் பிரிவும் ஒன்றல்ல. நன்னூலின் பகுபத உறுப்பிலக்கணம் பயின்ற நம் பிள்ளைகளுக்குப் பகுதியும் விகுதியும் காண்பது எளிதே. ஆயின், சொல்லழுத்தத்தால் பொருள் வேறுபடாத தமிழிலே பழகிய செவிக்கு இவ்வழுத்தப் பெயர்ச்சி கற்பிக்காமல் வாராது. ஆதலின் ஆசிரியர்கள், எழுத்துக்கூட்டி ஒப்பிக்கச் செய்யுமுன், அழுத்தம் விழும் இடத்தைச் செவியாரக் கேட்பித்து உச்சாரணத்தைப் பயிற்றுவிக்க வேண்டுகிறேன்.