உயர்ந்த பெட்ரோல் என்னும் மயக்கம்

ஒரே மாதிரியான சாமானுக்கு இரண்டு பெயர் வைத்து, இரண்டு விலை சொல்லி எதிரில் வைத்தால், விலை அதிகமானதே மேலானது என்று முடிவு கட்டிக்கொள்வது நமது ஜனங்களுக்கு வெகுநாளைய வழக்கமாக இருந்து வருகின்றது. எதனால் மேலானது, யாருக்கு மேலானது என்று கேட்பது கிடையாது. விலையே சாட்சியாகவும், பெயரே அத்தாட்சியாகவும் ஆகிவிடுகின்றன. இந்த வழக்கம் பெட்ரோல் பங்குகளிலும் புகுந்து, ஏழைத் தொழிலாளியின் சட்டைப் பையில் கை வைத்து வருவதால், இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதுவது அவசியமென்று கருதுகிறோம்.

ஓசூருக்குப் பக்கத்திலுள்ள கெலவரப்பள்ளி முதலிய கிராமங்களிலிருந்து சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் தோழர்களில் பெரும்பாலோர் 100 சி.சி., 125 சி.சி. மோட்டார் சைக்கிளிலும் மொபெட்டிலும் போகிறவர்களேயாவார்கள். இவர்கள் பங்கில் போய் நின்றால், சாதாரணப் பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே 'எக்ஸ்.பி. 95' என்றும், 'ஸ்பீடு' என்றும், 'பவர்' என்றும் கம்பெனிக்கு ஒரு பெயரோடு வேறொரு பெட்ரோல் நிற்கின்றது. "இதைப் போடுங்கள் அண்ணா, வண்டி நன்றாக இழுக்கும், மைலேஜ் கூடும்" என்கிறார் பங்கில் நிற்கும் தம்பி. அவர் மீது நமக்குக் குறையில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொல்லுகிறார். கேட்கிறவனுக்கு அல்லவா யோசனை வேண்டும்?

எல்லைப்புறத்து ஜனங்கள் காசு விஷயத்தில் ஏமாளிகள் என்று யாரும் சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்கார் பெட்ரோல் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்ததும், 2024 ஜூனில் கர்நாடக சர்க்கார் வரியை உயர்த்தியதில் அங்கே லிட்டருக்கு 3 ரூபாய் ஏறியதும் இவர்களுக்குத் தெரியும். அத்திப்பள்ளியில் என்ன விலை, ஓசூரில் என்ன விலை என்று பார்த்து, மலிவான பக்கம் டேங்கை நிரப்புகிறவர்கள் இவர்கள். அப்படி ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிறவர்கள், பெயர் வைத்த பெட்ரோல் என்றதும் ஏழும் எட்டும் அதிகமாகக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் போவதென்றால், இந்த மயக்கம் எவ்வளவு பலமானது என்று பாருங்கள்!

இனி 95 என்றும் 100 என்றும் போட்டிருக்கும் எண்ணின் சங்கதி என்ன என்று பார்ப்போம். இதற்கு ஆக்டேன் எண் என்று பெயர். இது பெட்ரோலின் பலத்தைக் காட்டும் எண் அல்ல. இஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து, பிஸ்டனால் அமுக்கப்பட்டு, பிளக்கின் பொறியால் எரிகின்றது. அந்த நெருப்பு பரவி வந்து சேருமுன்பே, மீதியுள்ள ஆவி சூட்டினாலும் அழுத்தத்தினாலும் தானாகவே வெடித்துவிட்டால், இஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். அப்படித் தானாக வெடிக்காமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதற்குத்தான் இந்த எண். ஐசோ ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்றும் வைத்துக்கொண்டு, அதோடு ஒப்பிட்டு எண் கொடுக்கிறார்கள். எண் உயர்ந்திருப்பதால் லிட்டரில் உள்ள சக்தி உயர்ந்துவிடுவதில்லை.

ஆகவே இது செருப்பின் நம்பரைப் போன்றதேயாகும். எட்டாம் நம்பர் கால் உள்ளவன் பத்தாம் நம்பர் செருப்பைப் போட்டால் வேகமாக நடந்துவிடுவானா? அழுத்தம் அதிகமாக அமைத்த இஞ்சினுக்கு அதிக எண் வேண்டும். சில வேக மோட்டார் சைக்கிள்களுக்கும், டர்போ வைத்த சில கார்களுக்கும் 95 அல்லது அதற்கு மேல் வேண்டுமென்று அவற்றைச் செய்தவர்களே வண்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். அவர்கள் அதைத்தான் போட வேண்டும். அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் 91 போதும் என்று எழுதிக் கொடுத்த வண்டிக்கு 100 ஊற்றுவதில் காதொடிந்த ஊசியளவு பிரயோஜனமும் இல்லை.

கணக்காகவே பார்ப்போம். சாதாரணப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், பெயர் வைத்தது 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத்தில் 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி, மற்றதில் 54 கிலோமீட்டராவது ஓடினால்தான் போட்ட பணத்துக்குச் சரி. ஓடாவிட்டால், தினம் ஒரு லிட்டர் போடுகிறவனுக்கு மாதம் 240 ரூபாயும், வருஷத்தில் 2,880 ரூபாயும் நஷ்டம். 100 எண் பெட்ரோல் 2020 டிசம்பரில் டில்லியில் வந்தபோது அதன் விலை லிட்டர் 160 ரூபாய். அன்று அங்கே சாதாரணம் 82 ரூபாய் சில்லரை. அதே 50 கிலோமீட்டர் வண்டி 97 கிலோமீட்டர் ஓடினால்தான் அந்த விலை கட்டும். எந்த வண்டி ஓடும்?

இது நமது ஊகம் மாத்திரமல்ல. 2016-ல் அமெரிக்க மோட்டார்காரர் சங்கம், சாதாரணப் பெட்ரோலுக்கென்று செய்த கார்களில் உயர்ந்த பெட்ரோலை ஊற்றிப் பரீட்சை செய்து பார்த்தது. இழுவையும் கூடவில்லை, மைலேஜும் கூடவில்லை, புகையும் குறையவில்லை. அந்நாட்டார் ஒரே வருஷத்தில் இதற்காக வீணாக்கிய பணம் 210 கோடி டாலர் என்று அச்சங்கம் கணக்குச் சொல்லிற்று. அதற்கு முன்பே, உயர்ந்த பெட்ரோல் போட்டால் இஞ்சின் சுத்தமாக இருக்கும், ரிப்பேர் செலவு குறையும் என்று விளம்பரம் செய்த எக்ஸான் கம்பெனி மீது அமெரிக்க சர்க்காரின் வியாபாரக் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 1997-ல் பெரும்பாலான கார்களுக்குச் சாதாரணப் பெட்ரோலே போதும் என்பதை அந்தக் கம்பெனி வாயாலேயே ஜனங்களுக்குச் சொல்லும்படி செய்தது.

'உயர்ந்தது' என்ற பெயருக்கு இதைவிடப் பயங்கரமான சரித்திரமும் உண்டு. 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயம் சேர்ந்த ஒரு மருந்தைப் பெட்ரோலில் கலந்தால் இஞ்சின் அடிப்பது நிற்கும் என்று கண்டார். 1923-ல் அது 'எத்தில்' என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. ஈயம் என்ற சொல்லைப் பெயரில் காட்டவேயில்லை. மறு வருஷமே நியூ ஜெர்சியில் அந்த மருந்து செய்த தொழிற்சாலையில் ஐந்து தொழிலாளர் விஷமேறி மாண்டார்கள். அப்படியும் வியாபாரம் நிற்கவில்லை. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-ம் ஆண்டில்தான் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் ஒழிந்தது 2021-ல். உயர்ந்தது என்று பெயர் வைத்த விஷத்தை உலகம் நூறு வருஷம் சுவாசித்தது என்றால், பெயரை நம்புவதன் பலன் என்னவென்று வேறு சொல்ல வேண்டுமா?

இதற்குச் சமாதானமாக, பெயர் வைத்த பெட்ரோலில் இஞ்சினைச் சுத்தம் செய்யும் மருந்து கலந்திருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். கலந்திருப்பது வாஸ்தவம். நல்ல மருந்து இன்ஜெக்டரிலும் வால்விலும் அழுக்குச் சேராமல் தடுக்கும் என்பதும் வாஸ்தவம். ஆனால் அது மருந்தின் குணமே ஒழிய, எண்ணின் குணமல்ல. அதற்காக ஒவ்வொரு லிட்டருக்கும் ஆயுள் முழுவதும் கப்பம் கட்ட வேண்டுமா என்பதே கேள்வி. போதாக்குறைக்கு, 2021 பட்ஜெட்டில் பெயரில்லாத பெட்ரோலுக்கு அடிப்படை எக்சைஸ் வரி 1 ரூபாய் 40 காசு என்றும், பெயர் வைத்ததற்கு 2 ரூபாய் 60 காசு என்றும் வைத்தார்கள். பெயருக்கு விலை போதாதென்று வரியும் கொடுத்தாயிற்று!

நிற்க, இப்போது மற்றொரு பயமும் கிளம்பியிருக்கின்றது. சாதாரணப் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலப்பதால் பழைய வண்டி கெட்டுவிடும், ஆகையால் உயர்ந்ததைப் போடுவோம் என்கிறார்கள். எத்தனாலில் சக்தி குறைவு என்பது உண்மையே. பழைய மாதிரி இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவிகிதம் வரை குறையலாமென்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லுகின்றது. ஆனால் ஆக்டேன் வேறு, எத்தனால் வேறு. பெயர் உயர்ந்ததாக இருப்பதாலேயே எத்தனால் இல்லை என்று ஆகிவிடாது. எவ்வளவு கலந்திருக்கிறதென்று பங்கிலேயே கேட்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எத்தனாலின் ஆக்டேன் எண் மிகவும் உயர்ந்தது. 20 சதவிகிதம் கலந்த சாதாரணப் பெட்ரோலின் எண் 95 ஆகிவிட்டதென்று மத்திய பெட்ரோலிய இலாகாவே 2025-ல் அறிக்கை விட்டிருக்கின்றது. அப்படியானால் 95 என்ற எண்ணுக்காக எட்டு ரூபாய் அதிகம் கொடுக்கிறவர் எதை வாங்குகிறார்?

கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் விழும்போது வெள்ளை வெளேரென்று நுரை பொங்குவதை அவ்வூரார் பார்த்திருக்கிறார்கள். வெண்மையைக் கண்டு பாலென்று யாரும் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. அது பெங்களூர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்த நுரை என்று குழந்தைக்கும் தெரியும். அந்தப் புத்தியைப் பங்கிலும் உபயோகித்தால் போதுமானது.

ஆகவே தோழர்களே! நாம் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். முதலில் வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து, எந்த எண் போட வேண்டுமென்று பாருங்கள். பிறகு ஒரே பங்கில் டேங்க் நிறையச் சாதாரணம் போட்டு மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடி நிறைக்கும்போது ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். இப்படி மூன்று தடவை சாதாரணத்திலும், மூன்று தடவை உயர்ந்ததிலும், அதே பாதையில் அதே பாரத்தோடு செய்யுங்கள். எட்டு ரூபாய்க்கு எட்டு ரூபாய் வேலை நடந்தால் தாராளமாகப் போடுங்கள். நடக்காவிட்டால் அந்தக் காசில் டயருக்குச் சரியான காற்றும், செயினுக்கு எண்ணெயும், காலத்தில் சர்வீசும் பாருங்கள். அளவில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லவும், கலப்படத்தில் சந்தேகம் வந்தால் பில்டர் காகிதத்தில் சொட்டு விட்டுப் பார்க்கவும் உங்களுக்கு உரிமையுண்டு. அந்த உரிமையைக் கூச்சமின்றிக் கேளுங்கள்.

வருஷத்துக்கு 2,880 ரூபாய் என்பது கம்பெனிக்காரனுக்குத் தூசி. ஷிப்டு வேலைக்காரனுக்கோ அது பிள்ளைகளின் புத்தகமும் துணியுமாகும். அதைப் பெயருக்குக் கொடுப்பதா, பிள்ளைகளுக்குக் கொடுப்பதா என்பதை ஒவ்வொருவரும் அடுத்த தடவை டேங்க் மூடியைத் திறக்கும்போது யோசித்துக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.